இருபதாவது கிழிசல்

ரெகுலா கணக்குக் கொடுத்தாள்:
பத்தொன்பது கிழிசல்.
முன்புறம் ஆறு, முதுகில் பதின்மூன்று.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னப் பை,
பீட்ரூட் சாறும் கிளிசரினும்.
கத்தி பட்டவுடன் உடைய வேண்டும்.
கத்தி ரப்பர். துணி பருத்தி.
ரோமருடையது கம்பளியாம், காசு காணாது என்று
அவளுக்குக் கவலை.
ஆறு மீட்டர் வெள்ளை.
எனக்கு அது புதிதில்லை,
கொசுவம் வைக்காத சேலை, அவ்வளவுதான்.

பகலில் பிரத்தெல்ன் முதியோர் இல்லத்தில் சலவை.
மாலை ஆறரைக்கு அவுக்ஸ்ட்.
ரோமர் விட்டுப்போன அரைவட்டக் கற்படிகளின் கீழே
ஒரு தபால்காரனும் ஒரு பல் வைத்தியரும்
வங்கியில் வேலைசெய்யும் நாலைந்து பேரும்
கொலைக்கு ஒத்திகை பார்க்கிறார்கள்.
நெடுஞ்சாலை இரைச்சலுக்கு மேலே
உரத்துக் கத்தித்தான் சதி செய்ய வேண்டியிருக்கிறது.

சாகிறவர் பல் வைத்தியர்.
ஆளுநராக நன்றாகத்தான் நிற்கிறார்.
விழுந்த பிறகும் வயிறு மூச்சு வாங்குகிறது,
படியில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

முதுகுப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தபோது
பழைய சொல் ஒன்று விரலில் குத்தியது:
புறப்புண்.
அதற்கு நாணி எங்கள் மன்னர்கள்
வடக்கே முகம் வைத்துப் பட்டினி கிடந்து செத்தார்கள்.
மார்பில் பட்டால் விழுப்புண்.
எண்ணிப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.
எவ்வளவு வசதியான பகுப்பு.
கொல்ல வருகிறவன் பகைவன்தான் என்று
நம்பியவர்கள் வகுத்தது.

மூன்றாம் கிழமை ரெகுலா வந்தாள்.
இன்னும் ஒன்று வேண்டும், நண்பனுடையது.
எங்கே?
இடது மார்பில்.
அவர் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஓம்.
பார்க்கத்தான் வேண்டும்.

எண்பத்தாறு மாசியில்
படலையடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது தயாபரன்.
வியாழக்கிழமை எங்கள் வீட்டில்
புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவியவன்.
அந்தக் குரலுக்குத்தான் இவர்
விளக்கும் எடுக்காமல் செருப்பும் போடாமல் போனார்.
சட்டைப் பையில் ஒரு துளை.
பையிலிருந்த பேனாவும் உடைந்து
நீலத்துக்குள் சிவப்பு.
கழுத்தில் ஒரு மட்டை,
மட்டையில் மூன்று எழுத்து.
செத்தவீட்டுக்கு ஒன்பது பேர் வந்தார்கள்,
அதில் இருவர் யார் வந்தார்கள் என்று பார்க்க வந்தவர்கள்.

மார்பில்தான் பட்டது.
விழுப்புண் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நண்பனாக நடிப்பவன் ரெத்தோ, தபால்காரன்.
தோள் அளவு எடுக்கும்போது கேட்டான்:
அந்த இடத்தில் என் கை நடுங்க வேண்டுமா?
ரெகுலா நடுங்கட்டும் என்கிறாள்.
ஊருக்காகச் செய்கிறான், மானத்துக்காகச் செய்கிறான்,
என்றாலும் நண்பன் அல்லவா.

என் ஜெர்மன் அவ்வளவு தூரம் போகாது.
வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
சாப்பிட்ட கை நடுங்காது.
அவன் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டான்.

பிறகு நடுங்கியதா, எனக்குத் தெரியாது.
பாரிசில் கடை வைத்திருக்கிறான் என்றார் ஒருவர்.
மகள் பரதம் ஆடுகிறாளாம்.

நாடகம் தொடங்கி எட்டு இரவு.
பதினொரு மணிக்குத் துணி என்னிடம் வரும்.
இந்தச் சிவப்புக்கு வெந்நீரும் சவுக்காரமும் போதும்.
மற்றதற்குக் குளிர்நீர், கொஞ்சம் உப்பு;
சூடு பட்டால் அது நூலோடு உறவாகிவிடும்.
இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பத்தொன்பதையும் ஒற்றை இழையில் ஓட்டிவைப்பேன்,
மறுநாள் குத்துக்குத் திறக்கும்படி.

இருபதாவதை நேற்று
இரட்டை நூலால், நெருக்கி, முடிச்சுப் போட்டுத் தைத்துவிட்டேன்.
அடியில் பையும் வைக்கவில்லை.

இன்று இரவு ரெத்தோ குத்துவான்.
ஒன்றும் வராது.
பல் வைத்தியர் விழ மறந்து
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.